இறக்கை பிடித்த அப்பா



மனோர் பார்க்கில் இருக்கும் எங்களுக்கு விமானச் சத்தம் புதிதில்லை. சிட்டி விமான நிலையம் இங்கிருந்து சில மைல் தூரம்தான். ரொம்ஃபோர்ட் வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்று தலைக்கு மேலே போகும். நாங்கள் போனிலிருந்து கண்ணை எடுப்பதே இல்லை.

அப்பா மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். அதற்கு முன் கதையை நிறுத்துவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை பாதியில் நிற்கும். சத்தம் போன பிறகு, ஒன்றும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். சிலர் நகம் கடிப்பதுபோல அது அவருடைய ஒரு பழக்கம் என்று சின்ன வயதில் நினைத்தேன். நவம்பர் 5-ஆம் திகதி ஊரெல்லாம் வெடி வெடிக்கும் இரவில் யன்னல் இல்லாத குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "பைப் ஒழுகுது, பாக்கிறன்" என்பார். ஒவ்வொரு வருடமும் அதே இரவில்தான் பைப் ஒழுகும்.

ஞாயிறு காலையில் அவர் வேறு ஆள். ஆலயத்துக்கு நடந்து வரும்போது பாடுவார், பகிடி விடுவார். ஆராதனைக்குப் போகும் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். சிட்டி விமான நிலையம் சனி மதியம் முதல் ஞாயிறு மதியம் வரை மூடியிருக்கும் என்பது அண்மையில்தான் எனக்குத் தெரியவந்தது. சுற்றியுள்ள மக்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. ஆராதனையின் சந்தோஷம் அப்பாவுக்கு நிச்சயமாக இருந்திருக்கும். அதோடு அந்த ஒரு நாள் வானம் அமைதியாகவும் இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் பதினேழு வருடமாக நான் அதைக் கவனிக்கவில்லை.

இதை எனக்குக் கவனிக்கச் சொல்லித் தந்தது ஷ்ரொப்ஷயரில் ஒரு மலைமேல் இருக்கும் சின்ன விமானத் தளம்.

போன வருடத்துக்கு முதல் வருடம் ஒக்டோபரில் எங்கள் வாலிபர் ஐக்கியம் சர்ச் ஸ்ட்ரெட்டனுக்குப் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். லண்டனிலிருந்து மினிபஸ்ஸில் நாலு மணி நேரம். ஊருக்கு மேற்கே லோங் மிண்ட் என்ற நீண்ட மலை. 'மிண்ட்' என்ற சொல் வேல்ஸ் மொழியில் மலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. உச்சி 516 மீற்றர். எங்கள் ஊர்க்காரருக்கு நுவரெலியா மலைகள் ஞாபகம் வந்தால் இது சின்னது என்றுதான் சொல்வார்கள். ஆனால் மேலே ஏறி நின்றால் மேற்கே வேல்ஸ் மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும்.

ஏறும் வழியில் எங்கள் அண்ணா ஒருவர் அந்த மலையின் கதையைச் சொன்னார். 1865 ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை. டொனால்ட் கார் என்ற குருவானவர் மலையின் ஒரு பக்கத்தில் வூல்ஸ்டஸ்டனில் வாழ்ந்தார். மறுபக்கத்திலுள்ள ரட்லிங்ஹோப் ஆலயத்தையும் அவரே பார்த்துவந்தார். அன்று மலையைக் கடந்து போய் ஆராதனை நடத்திவிட்டுத் திரும்பும்போது பனிப்புயலில் வழி தவறினார். இரவு முழுவதும், மறுநாள் பிற்பகல் வரை தனியே அலைந்தார். சப்பாத்துகளைப் பனியில் இழந்தார். பனியின் வெள்ளையில் கண் தெரியாமல் போனது. கடைசியில் கார்டிங் மில் பள்ளத்தாக்கில் பிள்ளைகளின் குரல் கேட்டது. அவரைக் கண்டதும் பேயென்று நினைத்து அவர்கள் பயந்து ஓடினார்களாம். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் மூலமாகத்தான் அவருக்கு உதவி கிடைத்தது. பிறகு அந்த அனுபவத்தை அவரே ஒரு சின்னப் புத்தகமாக எழுதினார்.

கதையைக் கேட்டுக்கொண்டே உச்சிக்கு வந்தபோது, எங்கள் பக்கத்தில், கிட்டத்தட்ட எங்கள் உயரத்திலேயே, ஒரு வெள்ளை விமானம் போனது. நீளமான மெல்லிய இறக்கைகள். சேலையை உதறி விரித்தால் வருமே, அப்படி ஒரு 'ஸ்ஸ்' சத்தம் மட்டும். அதற்கு எஞ்சின் இல்லை.

மலையின் தென்மேற்கு ஓரத்தில் மிட்லண்ட் கிளைடிங் கழகத்தின் தளம் இருக்கிறது. 1934-இல் தொடங்கிய கழகம் அது. தளம் என்றால் தார் போட்ட ஓடுபாதை இல்லை. புல்வெளி, ஒரு கொட்டகை, ஒரு கட்டிடம், நிறையச் செம்மறி ஆடுகள். நான் போனில் கொஞ்சம் படம் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுக் கேட்டார், "உதுக்குச் சத்தம் வைக்கேல்லையோ பிள்ளை?"

"வைச்சிருக்கிறன் அப்பா. உதுதான் அதின்ரை சத்தம்."

அப்பா போனை வாங்கி, காதுக்குப் பக்கத்தில் பிடித்து, மூன்று தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு கிழமை கழித்து, "அந்த எஞ்சின் இல்லாத பிளேனை இன்னொருக்காக் காட்டு" என்று கேட்டார்.

பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் எனக்கு நானே பதினெட்டாவது பிறந்தநாள் பரிசாக ஒரு பயிற்சிப் பறப்புக்குப் பதிவு செய்தேன். இந்த நாட்டில் பதினான்கு வயதிலேயே தனியாகக் கிளைடர் ஓட்டலாம். கார் ஓட்டத்தான் பதினேழு வரை காத்திருக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னபோது கனநேரம் யோசித்தார். "நான் வாறன். ஆனா ஏற மாட்டன்" என்றார்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போனோம். சர்ச் ஸ்ட்ரெட்டனிலிருந்து மேலே ஏறும் பேர்வே என்ற பாதை ஒரு கார் மட்டும் போகும் அகலம். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் பள்ளம். அப்பா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே ஓட்டினார். மேலே போனதும் மலை முழுவதும் ஹெதர் பூத்து ஊதா நிறமாகக் கிடந்தது. மேற்கிலிருந்து நல்ல காற்று.

கழகத்தில் பலரும் தொண்டர்கள்தான். தலை நரைத்த ஒருவர் எங்களை வரவேற்று எல்லாவற்றையும் விளக்கினார். கிளைடர் எப்போதும் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்றார். நான் ஏறவிருந்த கே-21 வகை, இறக்கையின் நுனிக்கு நுனி 17 மீற்றர். ஒரு மீற்றர் இறங்குவதற்குள் 34 மீற்றர் தூரம் முன்னே போகக்கூடியது. மேற்குக் காற்று வந்து இந்த மலையில் மோதுகிறது. மலைக்குள் புக முடியாது, ஆகவே சரிவோடு மேலே ஏறுகிறது. கிளைடர் இறங்கும் வேகத்தைவிடக் காற்று ஏறும் வேகம் கூடினால் கிளைடரும் ஏறும். அவ்வளவுதான். அங்கே பருந்துகள் இறக்கையை அடிக்காமல் மணிக்கணக்காக மிதப்பதும் இதே காற்றில்தான். ஏசாயா 40-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். கழுகு களைக்காமல் எப்படி எழும்புகிறது என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

மலைகளைத் தாண்டும் காற்று சில நாட்களில் கல்லைத் தாண்டும் ஆற்றுநீர்போல அலையலையாக எழும்பும். அந்த அலையில் ஏறி 2018 செப்டம்பரில் ஆர்ஜென்டினாவின் மலைகளுக்கு மேலே பெர்லன் 2 என்ற கிளைடர் 76,000 அடிக்கு மேல் போனது. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அப்பாவுக்கு உயரத்தில் அக்கறை இல்லை. "எஞ்சின் இல்லாமல் முதல் எப்பிடி எழும்புறது?" என்று கேட்டார். அந்த நேரம் ஒரு கிளைடர் புறப்படத் தயாரானது. புல்வெளியின் மறுமுனையில், ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளி, வின்ச் என்ற இழுக்கும் இயந்திரம். அதிலிருந்து வரும் கேபிளைக் கிளைடரின் அடியில் கொழுவினார்கள். ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்து நிமிர்த்தினார். கேபிள் இறுகியது. சில விநாடிகளில் கிளைடர் தரையை விட்டு, மூக்கை நிமிர்த்தி, செங்குத்தாக மேலே ஏறியது.

"பிள்ளை, உது பட்டமல்லோ!" என்று அப்பா கத்தினார்.

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

அப்பா பிறந்தது வடமராட்சியில். தைப்பொங்கல் காலத்தில் அங்கே வானம் முழுவதும் பட்டம்தானாம். கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம் என்று எத்தனையோ வகை. பட்டத்தின் தலையில் 'விண்' பூட்டுவார்கள். காற்றுப் பட்டால் அது ராகம்போலக் கூவும். இரவிலும் பட்டத்தை இறக்காமல் கட்டிவிட்டு, அந்தக் கூவலைக் கேட்டபடி படுப்பார்களாம். "பெரிய பட்டத்தைத் தனிய ஏத்தேலாது. ஒராள் தூக்கிப் பிடிக்கோணும், மற்ற ஆள் இழுக்கோணும். நான்தான் எங்கடை ஒழுங்கைக்குத் தூக்கிக் குடுக்கிற ஆள்" என்றார். தலை நரைத்தவருக்கு இதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் அப்பாவிடம் பட்டத்தின் வால் நீளம்வரை விசாரித்தார். இரண்டு பேரும் கையால் படம் கீறிக் கதைத்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தளத்தோடு சம்பந்தமில்லாத ஒரு பயிற்சி ஹெலிகொப்டர், மலையின் கிழக்குப் பக்கமாக, தாழ்வாகப் போனது. அந்தப் பகுதியில் கிழமை நாட்களில் அது வழக்கம் என்று பிறகு சொன்னார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அப்பா அங்கே இல்லை. கொட்டகையின் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். கண் மூடியிருந்தது.

நான் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. சத்தம் போன பிறகு அவராகவே கதைத்தார். "1987-இலை எனக்குப் பத்து வயது. வைகாசி முடியிற நேரம். அதுக்குப் பிறகு நான் பட்டம் விடேல்லை." கொஞ்சம் பொறுத்து, "வானத்தைப் பாத்தால் பட்டம் தெரியிறதில்லை பிள்ளை. சத்தம்தான் முதல் வரும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். என் வாழ்க்கையில் அப்பா போரைப் பற்றி எனக்குச் சொன்னது அந்தச் சில வசனங்கள்தான்.

தலை நரைத்தவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அவர் வந்து ஒன்றும் விசாரிக்கவில்லை. "உங்கள் மகளின் முறை வந்துவிட்டது. இறக்கை பிடிக்க ஒரு ஆள் தேவை. பட்டம் தூக்கிக் கொடுத்து உங்களுக்குப் பழக்கம்தானே?" என்று மட்டும் கேட்டார்.

கிளைடருக்கு அடியில் நடுவாக ஒரே ஒரு பெரிய சில்லுதான். அதனால் நிற்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து, ஓர் இறக்கை புல்லில் படுத்திருக்கும். யாராவது அதை நிமிர்த்திப் பிடித்தால்தான் புறப்பட முடியும். எவ்வளவு அனுபவமுள்ள விமானியாக இருந்தாலும், இப்படி வின்ச்சில் ஏறுவதற்கு வெளியே ஓர் ஆள் வேண்டும். வின்ச் இயக்க ஒருவர், சைகை காட்ட ஒருவர், கேபிளைத் திரும்பக் கொண்டுவர ஒருவர், நேரத்தை எழுத ஒருவர். ஒருவர் பறக்க அத்தனை பேர் காற்றில் நிற்கிறார்கள். பிறகு முறை மாறும்.

அப்பாவுக்குப் பாடம் நடந்தது. விமானி சைகை தரும்வரை இறக்கையை நிமிர்த்தக்கூடாது. நிமிர்த்தியபின் இறுக்கிப் பிடிக்கக்கூடாது, தாங்கினால் போதும். கிளைடர் அசைந்ததும் கூடவே ஓட வேண்டும். அது தன் கையைவிட்டுத் தானாகப் போகும்போது விட்டுவிட வேண்டும், இழுத்து வைக்கவே கூடாது. கேபிளில் வேண்டுமென்றே பலம் குறைத்துச் செய்த ஓர் இணைப்பு இருக்கிறது. இழுவிசை அளவுக்கு மிஞ்சினால் அது முதலில் அறுந்து கிளைடரைக் காப்பாற்றும். கடைசியாக ஒன்று சொன்னார்கள். ஏதாவது பிழையாகத் தெரிந்தால், ஆடு குறுக்கே வந்தாலும், களத்தில் நிற்கும் எவரும் 'ஸ்டொப்' என்று கத்தலாம். உடனே எல்லாம் நிற்கும்.

அப்பா என்னிடம் கேட்டார், "ஆர் கத்தினாலும் நிப்பாட்டுவினமோ?"

"ஓம் அப்பா. ஆர் கத்தினாலும்."

"நான் கத்தினாலும்?"

"நீங்கள் கத்தினாலும்."

பரசூட் மாட்டி, முன் இருக்கையில் என்னைக் கட்டினார்கள். பயிற்றுநர் பின்னால். கண்ணாடி மூடி இறங்கியது. அதன் வெளிப்பக்கம் ஒரு சின்னத் துண்டு கம்பளி நூல் ஒட்டியிருந்தது. விமானம் நேராகக் காற்றைக் கிழிக்கிறதா என்பதை அந்த நூல் காட்டும். இவ்வளவு விலையான இயந்திரத்தில் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல ஒரு நூல்!

இடப்பக்கம் பார்த்தேன். அப்பா இறக்கை நுனியைத் தூக்கினார். என் உலகம் சமன் ஆனது. சைகை போனது. கேபிள் இறுகியது. கிளைடர் அசைந்ததும் அப்பா ஓடத் தொடங்கினார். சேர்ட் காற்றில் பறக்க, ஐம்பது வயதை எட்டிப்பிடிக்கும் மனிதர் ஆறேழு எட்டு ஓடியிருப்பார். பிறகு கை விரிந்தது. அப்பா பின்னால் போய்விட்டார்.

ஒரு நிமிடத்துக்குள் ஆயிரம் அடி இருக்கும். 'டக்' என்று கேபிள் கழன்றது. பிறகு காற்றின் சத்தம் மட்டும். சரிவோடு போனபோது ஏற்றத்தைக் காட்டும் கருவி 'பீப் பீப்' என்றது, கிளைடர் யாரோ கீழே கை கொடுத்துத் தூக்குவதுபோல எழும்பியது. பயிற்றுநர் கொஞ்ச நேரம் கட்டுப்பாட்டுத் தடியை என் கையில் தந்தார். கீழே ஊதா மலை, வெள்ளைப் புள்ளிகளாக ஆடுகள், புல்வெளியின் ஓரத்தில் தனியே ஓர் ஆள். அந்த ஆள் தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகும் திசைக்கெல்லாம் அந்தத் தலை திரும்பியது.

இறங்கியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மேலை சத்தம் எப்பிடி?"

"காத்துச் சத்தம்தான் அப்பா."

"விண் மாதிரியோ?"

"விண் நான் கேட்டதில்லையே அப்பா."

அப்பா சிரித்தார். "அது சரி" என்றார்.

அன்று மாலைவரை அவர் இன்னும் ஐந்து பேருக்கு இறக்கை பிடித்தார். ஏற மட்டும் சம்மதிக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

நண்பர்களே, இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அந்த வருடம் நவம்பர் 5-இலும் குளியலறைப் பைப் ஒழுகியது. ஆனால் இந்த முறை நான் கதவைத் தட்டி உள்ளே போய், தொட்டியின் ஓரத்தில் அவரோடு இருந்தேன். பைப்பைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை. கொக்குப் பட்டத்துக்கு எத்தனை ஈர்க்கு வேண்டும் என்று கதைத்தோம்.

இந்தத் தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை பிற்பகல், சிட்டி விமானங்கள் நின்ற பிறகு, வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளிக்கு அப்பாவும் நானும் ஒரு பட்டம் கொண்டுபோனோம். இந்த நாட்டில் அனுமதி இல்லாமல் 60 மீற்றருக்கு மேல் பட்டம் விடக்கூடாது என்று சட்டத்தைத் தேடிச் சொன்னேன். அப்பாவுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. விண்ணுக்குச் சரியான நார் கிடைக்காமல் பொதி கட்டும் பிளாஸ்ரிக் பட்டியை வைத்துச் செய்திருந்தார். நான் பட்டத்தைத் தூக்கிப் பிடித்தேன், அவர் இழுத்தார். இரண்டு தரம் விழுந்தது. மூன்றாம் தரம் என் கையிலிருந்து தானாகவே போனது. கொஞ்சம் கரகரத்த குரலில்தான், ஆனாலும் கூவியது. அப்பா என்னைப் பார்த்து, "கேக்குதோ?" என்றார்.

கேட்டது.

எங்களில் பலருடைய வீட்டில் ஒரு ஒழுகும் பைப் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்க எங்களுக்குப் பயம். கேட்டால் அவர்கள் உடைந்துபோவார்கள் என்று ஒன்றுமே கேட்காமல் விட்டுவிடுகிறோம். போரைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்றில்லை. சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவர்கள் காத்திருக்கக்கூடும். பதில் வரும்போது பக்கத்தில் நின்று தாங்குங்கள். இழுக்க வேண்டாம். பறப்பது அவர்கள் வேலை, கூட ஆறேழு எட்டு ஓடுவது எங்கள் வேலை.

லோங் மிண்டுக்கு அடுத்த கோடையிலும் போகப் போகிறோம். அப்பா இப்போதே கேட்டுவிட்டார், "அங்கை இறக்கை பிடிக்க ஆள் காணுமோ தெரியேல்லை" என்று. ஏறுவீர்களா என்று நான் கேட்கவில்லை.